ஒன்பது வருடமாக ஒரு சிக்குப்பலகை

2016 ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கும்பகோணத்தில் ஒரு பொருட்காட்சிக் கடையில் வாங்கினேன். 450 சொன்னார், 380க்குக் கொடுத்தார். மடக்கினால் ஒரே பலகை, விரித்தால் பெருக்கல் குறி மாதிரி நிற்கும், மேல் பக்கத்துப் பள்ளத்தில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கலாம். கடைக்காரருக்கு அது புக் ஸ்டாண்ட். எங்கள் பாட்டி வீட்டில் அதற்குப் பேர் சிக்குப்பலகை. எதிர்வீட்டு அக்கா குர்ஆன் ஓத வைத்திருப்பதும் அச்சு அசலாக இதேதான், அவர்கள் ரெஹல் என்பார்கள்.

வாங்கிய ஒரு மாதத்தில் எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். ஒன்பது வருடம் தினமும் புழங்கி, ஒரு வெள்ளத்தையும் பார்த்துவிட்டதால் இப்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

முதலில் பொருளைப் பற்றி. இதை ஒரே மரத்துண்டில் செய்கிறார்கள் என்பதை நான் நம்பவில்லை, ஆணி எங்கே என்று புரட்டிப் புரட்டித் தேடினேன். எங்கள் தெரு ஆசாரிதான் விளக்கினார். பலகையின் கனத்தைப் பாதியாக இரண்டு முனையிலிருந்தும் ரம்பம் விட்டுப் பிளந்துகொண்டு வந்து, நடுவில் கொஞ்சம் இடத்தை மட்டும் பிளக்காமல் விட்டு, அந்த இடத்தில் பல் பல்லாக உளியால் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடியே விடுவிக்கிறார்களாம். கீல் என்று தனியாக எதுவும் இல்லை, மரமேதான் கீல். என்னுடையது சீஷம் மரம், 14 அங்குலம். மரச்செதுக்கு வேலைக்குப் பேர்போன சஹாரன்பூரிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னார். பூவேலை, ஜாலி வேலை எல்லாம் இருக்கிறது. அந்த அழகில் மயங்கித்தான் வாங்கினேன், அதுதான் நான் செய்த முதல் தப்பு. விபூதி, குங்குமம், ஊதுவத்திச் சாம்பல், அப்பளப்பூ துகள் எல்லாம் அந்த ஓட்டைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்து மாதம் ஒருதரம் நோண்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் வாங்கினால் பூ இல்லாத மொட்டைப் பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எதற்கு வாங்கினேன் என்றால் அத்தைக்காக. என் மாமியாருக்குக் கையில் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு நடுங்கும். மார்கழியில் விடிகாலையில் திருவெம்பாவை இருபதும் திருப்பள்ளியெழுச்சி பத்தும் பாடி முடிக்காமல் காப்பி குடிக்க மாட்டார், முப்பதும் மனப்பாடம்தான், ஆனாலும் எழுத்து கண்ணெதிரே இருக்க வேண்டும். பலகை வந்த வருடம் மார்கழி முழுக்க ஒரு நாள்கூடத் தவறவில்லை. தவிர தினசரி சாயங்காலம் விளக்கேற்றியதும் சிவபுராணம், 95 அடி. அவர் சொல்கிற வேகத்துக்குக் குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் முடிந்துவிடும், நான் அதை வைத்துத்தான் பருப்பை இறக்குவேன்.

வாங்கின காரணம் அத்தை என்றாலும், அதிகம் பயன்படுத்தினது நான்தான். பூஜை அலமாரிக்கும் அடுக்களை வாசலுக்கும் நடுவில், காற்று வருகிற இடத்தில் தரையில் அது எப்போதும் விரிந்தே கிடக்கும். முருங்கைக்கீரை ஆய்வதற்கு முக்கால் மணி நேரம் ஆகும், கை இரண்டும் மாட்டிக்கொள்ளும், கண் சும்மா இருக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் டிவி. இப்போது முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பலகையில் விரித்திருக்கிற புத்தகத்தைப் படித்துக்கொண்டே உருவிப்போட்டு, பக்கம் முடிந்தால் ஈரமில்லாத புறங்கையால் தள்ளித் திருப்பிக்கொள்வேன். ஒரு கட்டுக் கீரைக்குப் பன்னிரண்டு பக்கம். வாழைப்பூவுக்கு இருபது. பச்சைப் பட்டாணி உரிக்கிற சீசனில் ஒரு தடித்த ரஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பையே முடித்தேன், உரித்த பட்டாணியில் ஒரு சில புழு தப்பித்துப் போயிருக்கலாம், யாரும் புகார் சொல்லவில்லை.

தகராறு அங்கேதான் ஆரம்பித்தது. ஒருநாள் பாக்கெட் நாவல் ஒன்றை, அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி போட்டது, பலகையில் விரித்து வைத்திருந்தேன். அத்தை பார்த்துவிட்டார்.

"ஏம்மா, காலையில மாணிக்கவாசகர் இருந்த எடம் அது. அதுல கொலைகாரனைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறியே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வதில் நியாயமும் இருந்தது. நம் வீடுகளில் காகிதத்தைக் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், எந்தக் காகிதம் என்று பார்த்தா ஒற்றிக்கொள்கிறோம் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார், அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு வழி செய்தோம். திருமுறை படிக்கும்போது மஞ்சள் துண்டு ஒன்றைப் பலகைமேல் விரிப்பது, மற்றதற்கெல்லாம் வெறும் பலகை. இரண்டு வருடம் இந்தச் சட்டம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் அத்தைக்குக் கண்புரை முற்றி எழுத்து தெரியாமல் போய், அறுவை சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சில மாதங்கள் நான்தான் எதையும் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பதிகம் வாசித்து முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார். சரி என்று நான் படித்துக்கொண்டிருந்ததையே சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம், பழைய சினிமாக்காரர் ஒருவரின் சுயசரிதை, பஞ்சகவ்யம் தயாரிப்பது பற்றி ஒரு விவசாயப் பத்திரிகை, அப்புறம் அந்தக் கத்தி போட்ட வகையறா. ஒரு மார்கழி விடிகாலை, இருபதாவது பாட்டு முடிந்து கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்புகிறேன், அத்தை கேட்கிறார், "ஏம்மா, கொன்னது அந்த டாக்டர்தானே?" மஞ்சள் துண்டு அதற்கப்புறம் துவைக்கப்போனது, திரும்பி வந்ததாக ஞாபகம் இல்லை.

சரஸ்வதி பூஜைக்கு மட்டும் பழைய சட்டம் அப்படியே இருக்கிறது. பலகையையும் சேர்த்துப் பூஜையில் வைத்துவிடுவோம், அன்றைக்கு யாரும் எதையும் படிக்கக் கூடாது. ஒரு வருடம் நாவலில் கடைசி இருபது பக்கம் பாக்கி இருக்கும்போது பூஜை வந்துவிட்டது. மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்து புத்தகத்தை எடுக்க அத்தை காட்டின அவசரத்தில் சுண்டல் நைவேத்தியத்துக்கு உப்பு போட மறந்தேன்.

புத்தகம் எங்கிருந்து வருகிறது என்றால் பெரும்பாலும் நூலகம். எங்களுக்குச் சீர்காழி. ஊருக்கு இரண்டு பெருமை உண்டு, ஒன்று எல்லாருக்கும் தெரியும், மூன்று வயதுப் பிள்ளை பிரம்மதீர்த்தக் கரையில் ஞானப்பால் குடித்துப் பாட ஆரம்பித்தது. சித்திரையில் திருமுலைப்பால் உற்சவத்தன்று பாதி ஊர் கோயில் குளத்தங்கரையில்தான் இருக்கும். இன்னொன்று, நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதிய எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892ல் பிறந்ததும் இந்த ஊரில்தான். தேவாரத்தின் முதல் பதிகம் பிறந்த ஊரிலேயே புத்தகத்தை எந்தத் தட்டில் அடுக்குவது என்று உலகத்துக்குச் சொன்னவரும் பிறந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, நான் ஒன்றும் செய்யாவிட்டாலும். வீட்டு வரியோடு சேர்த்துப் பத்து சதவீதம் நூலக வரி கட்டுகிறோம், நீங்களும்தான். கட்டிவிட்டு நூலகத்துக்குள் கால் வைக்காமல் இருப்பது, சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வருகிற மாதிரி.

இனி குறைகள். பழைய தைத்த பைண்டிங் புத்தகம் இந்தப் பலகையில் மகாராணி மாதிரி விரிந்து உட்காரும். ஆயிரம் பக்கப் புத்தகம் என்றால் இன்னும் நல்லது. ஆனால் இப்போது வருகிற பசை ஒட்டின புத்தகங்கள் இருக்கின்றனவே, விரித்து வைத்தால் தவளை மாதிரி தானாக மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் துணி கிளிப் போட்டால்தான் நிற்கும், பக்கம் திருப்பும்போதெல்லாம் கிளிப்பைக் கழற்ற வேண்டும், அதற்குக் கையிலேயே பிடித்துத் தொலைக்கலாம். முதல் இருபது பக்கமும் கடைசி இருபது பக்கமும் எந்தப் புத்தகத்துக்கும் தொல்லைதான், ஒரு பக்கம் கனம் இல்லாமல் சரியும். வாரப் பத்திரிகை நடுவில் மடிந்து உள்ளே விழும், அதற்கு அடியில் ஒரு அட்டை கொடுக்க வேண்டும். செல்போன் வழுக்கும், டேப்லெட் நன்றாக நிற்கும். மதுரைத் திட்டம் என்கிற இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிற பழைய நூல்களை அத்தைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட அது உதவியது.

மூட்டுவலிக்காரர்களுக்குத் தரையில் வைத்து ஆகாது. நாலாவது வருடத்திலிருந்து எனக்கே சம்மணம் போட்டு அரை மணிக்கு மேல் முடியவில்லை. இப்போது பலகை ஒரு முக்காலியின்மேல், நான் நாற்காலியில். பலகையின் கம்பீரம் போய்விட்டது, முட்டி பிழைத்தது.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி அடைமழைக்கு மரம் ஊதி அந்தப் பல்லெல்லாம் இறுகிவிடும், மடக்க வராது. முதல் வருடம் அறிவாளி மாதிரி தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். கீல் இளகியது. மறுநாள் அதில் வைத்த நூலகப் புத்தகத்தின் முதுகு முழுக்க எண்ணெய். சிதம்பரத்தில் புற்று மூடிக்கிடந்த தேவார ஏடுகளை எண்ணெய் சொரிந்து மீட்டார்கள் என்று புராணம் சொல்கிறது, நான் எண்ணெய் சொரிந்து ஒரு நல்ல புத்தகத்தைக் கெடுத்தேன். நூலகரிடம் உண்மையைச் சொல்லி அபராதம் கட்டிவிட்டு, அந்தப் புத்தகத்தையே மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கிறேன், வேறு யார் கையிலும் பிசுக்கு ஒட்ட வேண்டாமே என்று. இப்போது மெழுகுவர்த்தித் துண்டால் கீலைத் தேய்ப்பதோடு சரி. மூன்றாவது வருடம் ஒரு காலில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து மாவு கொட்டியது, உளு. வேப்பெண்ணெயைச் சிரிஞ்சில் ஏற்றி ஓட்டைக்குள் விட்டு, ஒரு வாரம் திண்ணையில் தனியாக வைத்தேன். நின்றது.

பெரிய சோதனை 2022 நவம்பர் 11. அன்றைக்குச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. ராத்திரி மின்சாரம் போய், வாசற்படி தாண்டித் தண்ணீர் கூடத்துக்கு வந்தபோது அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மகளின் சான்றிதழ், புத்தகங்கள் எல்லாவற்றையும் கட்டிலில் ஏற்றினோம். பலகையை மறந்தோம். விடிந்து பார்த்தால் அது பூஜை அலமாரிக்கு எதிரே விரிந்தபடியே மிதந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊருக்குப் பன்னிரண்டு பெயர், அதில் ஒன்று தோணிபுரம், ஊழி வெள்ளத்தில் தோணியாக மிதந்த ஊர் என்று அர்த்தம். அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடி கையெடுத்துக் கும்பிட்டார், ஊரையா பலகையையா என்று தெரியவில்லை. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படித்துப் பழகாத எங்கள் வீட்டுக்காரர்கூட என் மகள் போட்டித் தேர்வுக்குச் சேர்த்து வைத்திருந்த ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் பாடப்புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டு, இதெல்லாம் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார்.

பலகையை நிழலில் உலர்த்த வேண்டும் என்று ஆசாரி சொன்னார், அதற்குள் நான் இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டேன். ஒரு சிறகு கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, நீளவாக்கில் ஒரு விரிசல். மாதக்கணக்கில் மடங்கவே இல்லை. இப்போது மடங்குகிறது, ஆனால் விரித்தால் ஒரு கால் தரையில் படாது, நாலாக மடித்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று அடியில் நிரந்தரமாக இருக்கிறது. வெள்ளத்துக்கு அடுத்த வருடம் ஏப்ரலில் எங்கள் ஊர்ச் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டும்போது ஐம்பொன் சிலைகளும் நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன அல்லவா, செய்தியை வாசித்துக் காட்டியபோது அத்தை சொன்னது, "செம்புல எழுதினவன் புத்திசாலி. நீ வெயில்ல வச்சாலும் முறுக்காது."

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். 14 அங்குலத்துக்குக் குறைந்து வேண்டாம், சின்னதில் தடிப் புத்தகம் குடை சாயும். கடையிலேயே பத்துத் தடவை மடக்கி விரித்துப் பாருங்கள், பல்லில் ஒட்டுப்பொடி வைத்து அடைத்திருந்தால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் விரல் மாட்டும், கவனம்.

மகள் கல்யாணமாகிப் போகும்போது இதைக் கேட்டாள், தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வேப்ப மரத்தில் மொட்டையாக ஒன்று செய்து தரச் சொல்லி ஆசாரியிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். ஆவணியில் தருகிறேன் என்றார். எந்த ஆவணி என்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.