பாவித்த மீன் தொட்டி வாங்கப் போகிறவர்கள் கவனம்: எங்களுடைய 24,500 ரூபாய் போய்விட்டது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒன்லைனில் பாவித்த மீன் தொட்டி தேடுகிறவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் பணம் போடுங்கள். 24,500 ரூபாய் போய்விட்டது. தம்பியின் உள்ளங்கையில் தையல். தொட்டி எங்கள் கிணற்றடியில் உடைந்து கிடக்கிறது. விற்றவர் நேற்று என்னை ப்ளொக் பண்ணிவிட்டார். கை நடுங்குகிற கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தம்பியிடம் ஒரு லெப்பர்ட் கெக்கோ இருக்கிறது. கொழும்பில் இருந்த அவனுடைய கூட்டாளி வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பல்லி. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு உள்ள ஒட்டும் விரல் இதற்குக் கிடையாது, கண்ணாடியில் ஏறாது. அதனால் மீன் தொட்டி அதற்கு நல்ல வீடு. மேலே காற்றுப் போகிற வலை மூடியும், உள்ளே ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று இடமும் இருந்தால் சரி. ஒழுங்காகப் பார்த்தால் பதினைந்து வருடத்துக்கு மேலும் இருக்கும் பிராணி. அதை எத்தனை நாளைக்குப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருப்பது?

பழைய சாமான் விற்கும் ஒரு ஒன்லைன் பக்கத்தில் மூன்று அடித் தொட்டி கிடைத்தது. மூடி, ஸ்டாண்ட், ஹீட் லைட் எல்லாம் சேர்த்து 24,500. மட்டக்களப்பு வெக்கைக்கு அந்த லைட் எதற்கு என்று கேட்டால், "அது ஃப்ரீ மாதிரி நினைங்க" என்றார். அம்பாறை மாவட்டக் கரையோரத்து ஆள். பேச்சு அவ்வளவு மரியாதை. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெடிப்பு இருக்கா? எதால் கழுவினீர்கள்? உள்ளே மருந்து ஏதும் போட்டதா?

"தங்கச்சி, வெறும் உப்பும் தண்ணியும்தான். என்ட கையாலதான் கழுவின. என்ட மகனும் இப்பிடிப் பல்லி வளத்தவன், அதுகள்ற விசயம் எங்களுக்குத் தெரியும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு மனம் இறங்கியது. பல்லி வளர்த்த வீட்டிலிருந்து வருகிறது, பக்குவம் தெரிந்திருக்கும் என்று. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஒரு வீடியோவும் அனுப்பினார். கீழே பேப்பர் விரித்திருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அன்றைக்கே 10,000 போட்டேன். லொறியில் ஏற்றிய படம் வந்ததும் மிச்சம் 14,500.

தொட்டி கல்லடிக்கு வந்து இறங்கியபோதே ஒரு மணம். உள்ளே தண்ணீர் ஊற்றினால் அது பால் போல வெள்ளையாக மாறியது. பினாயில்! மீன் வளர்ப்பவர்களுக்கும் பல்லி, ஆமை வளர்ப்பவர்களுக்கும் தெரியும், பினோல் சேர்ந்த கிருமிநாசினி அந்தப் பிராணிகளுக்கு நஞ்சு. மூடிய கண்ணாடிக்குள் அந்த ஆவியை அது இரவு பகலாகச் சுவாசிக்க வேண்டும். எத்தனை முறை அலசினாலும் மணம் போகவில்லை, மூலைகளில் பூசியிருக்கும் சிலிக்கனுக்குள் ஊறிப்போயிருந்தது. கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பு வினாகிரியில் துணி நனைத்து ஒட்டி வைத்ததும் கரைந்துவிட்டது. அது எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் வருவதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பின்பக்கம் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கரைத் தம்பி உரித்தான். கீழ் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு! அதன் மேலே சிலிக்கன் தேய்த்து, அதை மறைக்கக் கறுப்புத் தாள். வெடித்த கண்ணாடியைச் சிலிக்கன் ஒட்ட வைக்காது, ஒழுக்கைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். மூலைகளிலும் பழைய சிலிக்கனைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் பூசியிருக்கிறார். பழையதில் புதியது பிடிக்காது. நகத்தால் இழுக்க முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. பிறகு அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். வீடியோவில் இருந்த தொட்டியின் பின்பக்கம் நீலம்.

அழைத்தேன். "வெயில்ல வைங்க தங்கச்சி, மணம் போயிரும்." வெடிப்பைப் பற்றிக் கேட்டால், "பல்லிக்குத்தானே, தண்ணி ஊத்தப் போறல்லயே, வெடிப்பு இருந்தா என்ன?" கேட்கும்போதே வயிறு எரிந்தது. படம் அனுப்பினேன், பார்த்தார், பதில் இல்லை. அடுத்த நாள், "நீங்க கழுவக்குள்ள உடைச்சிட்டு என்னச் சொல்றீங்க" என்று வந்தது. அதற்குப் பிறகு யாரோ ஒரு பொடியன் போனை எடுத்து, அவர் கட்டாருக்குப் போய்விட்டார் என்றான். பின்னால் அவருடைய குரலே கேட்கிறது! பக்கத்தை நடத்துகிறவர்களிடம் முறையிட்டால், அது உங்கள் இரண்டு பேருக்கும் இடையிலான விடயம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் அலசிய தண்ணீரை ஊற்றச் சரித்தபோது பின் கண்ணாடி அந்த வெடிப்பிலேயே விட்டுப்போனது. தம்பியின் கையைக் கிழித்துவிட்டது. அம்மா "ஐயோ மனே" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். தையல் போட்டு, ஏற்பு ஊசியும் போட்டார்கள். மீன் தொட்டியில் பட்ட காயம் என்றதும் டொக்டர், சில கிழமை கழித்தும் அந்த இடத்தில் கட்டி எழும்பினால் வரச் சொன்னார். மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கிற ஒரு பக்டீரியா காயத்துக்குள் போனால் மெதுவாகத்தான் தெரியுமாம். 24,500 ரூபாயோடு இந்தப் பயமும் சேர்ந்துவிட்டது.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. நேரில் போய்த் தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரை உரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பி வாருங்கள். உள்ளே தலையை விட்டு மணந்து பாருங்கள். கழுவும்போது கையுறை போடுங்கள், வினாகிரியையும் பிளீச்சையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். பில் வாங்குங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. பில் ஒன்று இல்லாமல் நான் எதைக் காட்டி முறையிடுவது என்று இருக்கிறேன்.

நீலப் பின்னணி, விளிம்பு வரை தண்ணீர், கீழே பேப்பர். இந்த வீடியோ இன்று காலை வேறு பெயரில் திரும்பவும் போடப்பட்டிருக்கிறது. இப்போது 26,000 கேட்கிறார்.