டிஸ்க் லேபிளுக்கு இன்க்ஸ்கேப் போதுமா?

ஈரோடு, திருப்பூர் பக்கம் கல்யாண டிவிடி போட்டுத் தரும் சின்ன ஸ்டுடியோக்களுக்கு டிஸ்க் லேபிள் வடிவமைக்க இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் தாராளமாகப் போதும்ங்க. காசு கிடையாது, யூனிகோடு தமிழில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும்.

பக்கம் 120 மி.மீ. சதுரம். அதில் 118 மி.மீ. வட்டம், நடுவே 23 மி.மீ. வட்டம். இரண்டையும் தேர்ந்து 'டிஃபரன்ஸ்' கொடுத்தால் வளையம் தயார். முதலில் வட்டங்களின் ஸ்ட்ரோக்கை (ஓரக்கோட்டை) எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் தடிமனையும் அளவில் சேர்த்துக் காட்டும். படத்துக்கு மேலே வளையத்தை வைத்து 'கிளிப்' செய்யவும், படம் வளைய வடிவில் வெட்டுப்படும். 'இணைச்சீர்', 'முகூர்த்தம்' என்ற தலைப்பெல்லாம் மேல்பாதியில்தான். நடுவில் வைத்தால் ஓட்டை விழுங்கிவிடும்.

பெரிய குறை, பிரிண்டரில் டிஸ்க்கை வைத்து அடிக்கும் தட்டு (டிஸ்க் டிரே) இன்க்ஸ்கேப்புக்குத் தெரியாது. 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிஎன்ஜி படக்கோப்பாக எடுத்து (1417 பிக்சல் வரும்), எப்சன் எல்805 போன்ற டிரே உள்ள பிரிண்டர் என்றால் எப்சனின் இலவச பிரிண்ட் சிடி மென்பொருளில் வைத்து அடிப்பதே சுலபம். டிஸ்க்கும் வெள்ளைப்பூச்சுள்ள 'பிரிண்டபிள்' ரகமாக இருக்கணும். சாதா டிஸ்க்கில் மை ஒட்டாது.

காகித ஸ்டிக்கர் மலிவுதான், ஆனால் டிவிடிக்கு வேண்டாம். துளி மையம் விலகினாலும் வேகமாகச் சுழலும்போது அதிரும். வெயிலில் டிஸ்க்கே வளையலாம். ஸ்டிக்கர்தான் என்றால் பிரிண்ட் அமைப்பில் 'ஃபிட் டு பேஜ்' எடுத்துவிட்டு 100 சதவீதத்தில், முதலில் வெற்றுத்தாளில் அடித்து டிஸ்க்கோடு ஒட்டிப் பாருங்க.