7,500 ரூபா வைஃபை கமரா: படம் சரி, சொந்தக்காரர் யார்?

படம் நன்றாகத்தான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 7,500 ரூபாவுக்கு 3 மெகாபிக்சல், போனில் விரலால் இழுத்தால் தலையைத் திருப்பிப் பார்க்கும், இருட்டிலும் தெரியும், இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். ஹட்டன் டவுனில் இப்போது போன் கவர் விற்கிற கடையிலிருந்து பிளாஸ்டிக் வாளி விற்கிற கடை வரைக்கும் இந்த வெள்ளை உருண்டைக் கமரா கண்ணாடி அலுமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி பெயர் வேறு, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே சாமான். அதனால் என்ன பிராண்ட், எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதும் இல்லை. கமராவைப் பற்றிக் கொஞ்சம், அதைக் கடையில் "செட் பண்ணித் தருகிற" பழக்கத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

வாங்கிய காரணம் நம் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பதுதான். தங்கச்சி குவைத்தில் வேலை செய்கிறாள், அவள் மகன் டிக்கோயா பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் அம்மாவோடு இருக்கிறான், நான் டவுனில். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வீட்டுக்கு வரும் நேரத்தில் அம்மா வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கியிருக்க மாட்டார். பக்கத்துக் காம்பரா (லயத்து அறை வீடு) அக்கா பார்த்துக்கொள்வார், அதில் குறை இல்லை, ஆனாலும் பெற்றவளுக்கு ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். அந்த வேலையைக் கமரா ஒழுங்காகச் செய்கிறது. "சாப்பிட்டியாடா?" என்று அங்கிருந்து கேட்டால் ஓரிரண்டு செக்கன் பிந்தி இங்கே கேட்கும், பொடியன் ஓடி வந்து லென்ஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு பதில் சொல்வான். இதற்காக மட்டுமே காசு தகும்.

குறைகளும் உண்டு. இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், மாட்டினால் ராத்திரிக்கு உருப்படாது. பனிமூட்டம் இறங்கியதும் கமராவிலிருந்து வருகிற இன்ஃப்ராரெட் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி வந்து, படம் முழுக்க வெள்ளையாகப் போய்விடும். அதோடு லைட்டுக்கு வருகிற ஈசல், விட்டில் எல்லாம் "ஆள் நடமாட்டம்" என்று போனுக்கு அலர்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும், நடுச்சாமத்தில் நாலு தரம் எழும்பிப் பார்த்தவனுக்குத் தெரியும் அந்த எரிச்சல். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும், 5 கிகாஹேர்ட்ஸ் பிடிக்காது. டேட்டாவையும் கவனிக்க வேண்டும். படம் செக்கனுக்கு 1 மெகாபிட் அளவில் போனாலே ஒரு மணித்தியாலத்துக்கு 450 எம்பி, தோட்டத்தில் 4ஜி ரவுட்டரை நம்பி இருக்கிற வீட்டில் தங்கச்சி பகல் முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் மாசப் பேக்கேஜ் ஒரு கிழமையில் முடிந்துவிடும். உள்ளே மெமரி கார்ட் போட்டு அதில் பதிய விட்டு, தேவைப்படும்போது மட்டும் திறந்து பார்ப்பதுதான் தோது.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். பணம் கொடுத்ததும் கவுன்டரில் இருந்த தம்பி பெட்டியை உடைத்து, கமராவுக்குக் கரண்ட் கொடுத்து, தன் போனில் இருந்த ஆப்பில் கியூஆர் கோட்டை ஸ்கேன் பண்ணி, டக் டக்கென்று ஏதோ தட்டி, "அண்ணே உங்க போனத் தாங்க" என்று வாங்கி அதிலும் ஆப்பை இறக்கி, "இந்தா, ரெடி" என்று தந்துவிட்டார். வேகத்தில் குறை சொல்ல முடியாது. நான் கடையை விட்டு இறங்காமல் அங்கேயே ஆப்பின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். கமராவின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் "பகிரப்பட்ட சாதனம்" என்று இருந்தது. பாஸ்வேர்ட் மாற்றும் இடம் இல்லை, கார்டை அழிக்கும் இடம் இல்லை, வேறு யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று காட்டும் இடமும் இல்லை. காசு கொடுத்த நான் விருந்தாளி, கமராவின் சொந்தக்காரராக ஆப்பில் பதிவானது கடையின் கணக்கு.

கேட்டேன். "அண்ணே, அது எங்க கடை ஐடி. எல்லாருக்கும் அப்பிடித்தான் போட்டுக் குடுக்கிறது. நாளைக்கு ஏதும் பிரச்சினைன்னா இங்க இருந்தே பார்த்துச் சரி பண்ணலாம்தானே" என்றார். சொன்னதோடு நிற்காமல், நம்பிக்கை வரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் போனையும் திருப்பிக் காட்டினார். ஆப்பின் முகப்பில் சதுரம் சதுரமாகக் கமராக்கள். ஒவ்வொன்றுக்கும் வாங்கியவர் பெயரும் ஊரும் போட்டிருந்தது. ஒரு சதுரத்தில் யாருடையதோ கல்லாப்பெட்டி, ஒன்றில் தொட்டில், ஒன்றில் சாமித் தட்டும் பக்கத்தில் பாயில் படுத்திருந்த ஒரு வயதான அம்மாவும். விரலால் மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கவுன்டரில் சாமான் வாங்க நின்ற இன்னொருவரும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, மரியாதையான பிள்ளை. ஆனால் பூட்டு வாங்கப் போனால் ஒரு சாவியைக் கடைக்காரர் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நம் கையில் தந்தால் சும்மா வருவோமா? அந்தப் போன் தொலைந்தால், ரிப்பேருக்குப் போனால், அந்தத் தம்பி வேலையை விட்டு வேறு கடைக்குப் போனால், அத்தனை வீடும் அதோடு சேர்ந்து போகும். லயத்தில் ஒரே காம்பராவுக்குள்தான் சமைப்பது, படுப்பது, உடுப்பு மாற்றுவது எல்லாம், கமராவை எந்த மூலையில் வைத்தாலும் அது படுக்கையறைக் கமராதான். நகரத்துப் பெரிய வீட்டில் ஹோலில் மாட்டுகிற கதை இங்கே சரிவராது.

மனுஷர் கையில் திறப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் அமேசனுக்குச் சொந்தமான ரிங் என்ற கமராக் கம்பனி, வேலையாட்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் வீடியோவைப் பார்க்க விட்டிருந்தது என்று அந்த நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2023இல் 58 இலட்சம் டொலர் கட்டச் சம்மதிக்க வைத்தது. ஒரு ஊழியர் பெண்களின் படுக்கையறையிலும் குளியலறையிலும் இருந்த கமராக்களின் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார் என்பது அந்தக் குற்றச்சாட்டில் ஒன்று. யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலும் நடக்கும். 2024 பெப்ரவரியில் வைஸ் என்ற கமராக் கம்பனியின் சேவை விழுந்து எழும்பியபோது, சுமார் 13,000 பேரின் ஆப்பில் அடுத்தவர் வீட்டுக் கமராவின் படங்கள் வந்து நின்றன. "எல்லாம் உங்கள் வீட்டிலேயே சேமிக்கப்படும், கிளவுட் கிடையாது" என்று சொல்லி விற்ற யூஃபி கமராக்கள் அலர்ட்டோடு வருகிற சின்னப் படங்களைக் கிளவுட்டுக்கு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்புக்கு, அனுப்பியது 2022இல் வெளிவந்தது. இவை எல்லாம் நம் வெள்ளை உருண்டையை விடப் பல மடங்கு விலையான, பெயர் போன சாமான்கள்.

இனிப் பாஸ்வேர்ட். 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, அவற்றை ஏவியே அமெரிக்காவில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்றவற்றைப் பல மணித்தியாலம் திறக்க முடியாமல் செய்தது. அது செய்த வித்தை ஒன்றும் பெரிதல்ல. கம்பனியே போட்டு அனுப்புகிற 'அட்மின்', '12345' மாதிரி அறுபது சொச்சம் பெயர் பாஸ்வேர்ட் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, மாற்றாமல் விட்டவர்களின் சாமான் எல்லாம் விழுந்தது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் அப்படி ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விற்கத் தடை, எத்தனை காலத்துக்கு அப்டேட் தருவார்கள் என்பதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும். என் பெட்டியில் அப்டேட் பற்றி ஒரு வரி இல்லை. சீனத்தில் ஏதாவது இருந்தால் எனக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

நம் இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நடைமுறைக்கு வருவதுதான் தள்ளித் தள்ளிப் போனது. அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், ஒருவர் முழுக்க முழுக்கத் தன் வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அப்படியென்றால் என் கமரா பக்கத்துக் காம்பரா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அக்கா எந்த அதிகாரசபையிலும் போய் நிற்க முடியாது, என்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்டார். "தம்பி, இது எங்க இஸ்தோப்பையும் பிடிக்குமா?" என்றார், அங்கேதான் அவர் மகள் தலை சீவுவதும் துணி காயப்போடுவதும். ஆப்பில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருந்தது, மறைத்து அவர் போனிலேயே காட்டினேன். இந்த வசதி இருப்பதற்காகக் கமராவுக்கு ஒரு புள்ளி கூடப் போடலாம்.

அம்மா வேறு வழி வைத்திருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து நேராகக் கமராவின் தலையில் போட்டுவிடுவார். "ஏன் இருட்டா இருக்கு?" என்று குவைத்திலிருந்து போன் வரும். "நான் சேலை மாத்தணும்" என்பார். ஆப்பிலேயே லென்ஸை மூடித் தூங்க வைக்கும் பட்டன் ஒன்று இருக்கிறது, ஆனால் அது மூடியிருக்கிறதா என்று ஆப்தான் சொல்ல வேண்டும், படங்கு போட்டால் பார்த்தாலே தெரியும். அம்மா செய்வதே சரி.

கடையில் அன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். கடையின் கணக்கிலிருந்து இந்தக் கமராவை நீக்கச் சொல்லி, நீக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கமராவின் அடியில் உள்ள ரீசெட் ஓட்டையைக் குத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள், நீக்குவதற்கு முன் குத்திப் பார்த்தேன், பழைய சொந்தக்காரர் அப்படியேதான் இருந்தார். அவர் கணக்கிலிருந்து நீக்கினால்தான் விடும். பிறகு என் ஈமெயிலில் புதுக் கணக்குத் திறந்து, வேறெங்கும் பாவிக்காத பாஸ்வேர்ட் போட்டு, உள்ளே போகும்போது பாஸ்வேர்டோடு இரண்டாம் கட்டக் கோட்டும் கேட்கிறாற்போல் வைத்து, நானே ஸ்கேன் பண்ணினேன். தங்கச்சிக்கு அங்கிருந்து பகிர்ந்துவிட்டேன். ஆப் லொகேஷன் கேட்டது, ஆண்ட்ராய்டில் சுற்றியுள்ள வைஃபையைத் தேட அது வேண்டும் என்பதால் செட் பண்ணும் வரை கொடுத்து, பிறகு எடுத்துவிட்டேன். கான்டக்ட்ஸும் கேட்டது. வைஃபை கமராவுக்கு என் போனில் உள்ள மாமா மச்சான் நம்பர் எதற்கு? மறுத்தேன், எதுவும் குறையவில்லை. ரவுட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று திறக்கலாம், கமராவை அதில் விட்டால் அது வீட்டிலுள்ள மற்றப் போன்களைத் தொடாது. கமராவை விற்கப் போகிறவர்கள் அடியில் உள்ள கியூஆர் ஸ்டிக்கரைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போடாதீர்கள், பலவற்றில் அதன் அடையாள நம்பரும் முதல் பாஸ்வேர்டும் அதிலேயே இருக்கும்.

ஏற்கெனவே கடையில் செட் பண்ணி வாங்கியவர்கள் இன்றைக்கே ஆப்பைத் திறந்து "பகிரப்பட்ட" என்ற சொல் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், சண்டை பிடிக்கத் தேவையில்லை, கேட்டால் நீக்கித் தருகிறார்கள். எனக்கு முகம் சுளிக்காமல்தான் செய்து தந்தார், "இப்பிடி யாருமே கேக்கிறதில்லையே அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

கமராவுக்கு 5க்கு 3½. கடையின் விலைக்கும் பேச்சுக்கும் 4, செட் பண்ணித் தருவதற்கு 1. கார்டையும் அங்கேயே வாங்கினால் 500 ரூபா குறைக்கிறார்கள், பில்லில் வாரண்டியை எழுதி வாங்குங்கள், வாயால் ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு என் பில்லில் 6 மாதம் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.