புதுசோ, பாவிச்ச ஒபிஸ் லப்டொப்போ, வெளிநாட்டு மக்கோ: வீட்டுக்கு எது?

யாழ்ப்பாணத்தில வீட்டுக்கு லப்டொப் ஒண்டு எடுப்பம் எண்டு வெளிக்கிட்டால் மூண்டு வழி இருக்கு. ஒண்டு, கடையில பெட்டி உடைக்காத புதுசு. மற்றது, வெளிநாட்டுக் கொம்பனியள் பாவிச்சுக் கழிச்சுவிட்டு, கொழும்பில வந்து இறங்கி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கத்தால சுத்தி எங்கட கடையளுக்கு வாற ஒபிஸ் லப்டொப். மூண்டாவது, கனடாவிலயோ லண்டனிலயோ இருக்கிற சொந்தம் திருவிழாவுக்கு வரேக்க பாக்குக்குள்ள வைச்சுக்கொண்டு வாற அப்பிளின்ர மக்புக். நான் ரெண்டாவதைத்தான் எடுத்தனான், லெனோவோ திங்க்பட் ரி480. அதால நான் எந்தப் பக்கம் சாயுவன் எண்டு இப்பவே விளங்கும், நடுநிலையெல்லாம் என்னட்டை எதிர்பாக்காதேங்கோ.

வீட்டுப் பாவனை எண்டால் எங்கட வீட்டில என்ன நடக்குது எண்டு சொல்லுறன். மகளுக்கு சூம் கிளாஸ், பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப். மனிசிக்கு பள்ளிக்கூட வேலை, வேர்ட், எக்செல், பாமினி எழுத்துருவில அடிச்ச பழைய வினாத்தாளை யூனிகோட்டுக்கு மாத்துறது. அம்மாவுக்குப் பின்னேரம் கனடாவோட வீடியோ கோல், இரவில எல்லாருக்கும் படம். இதுக்கு ராம், அதாவது வேலை நடக்கேக்க பாவிக்கிற தற்காலிக நினைவகம், 8 ஜிபி அடிமட்டம், 16 இருந்தால் நிம்மதி, ஃபைல் சேமிக்க வேகமான எஸ்எஸ்டி கட்டாயம், பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் போட்டதைச் சும்மா தந்தாலும் வேண்டாம். உது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, விடுவம்.

புதுசின்ர நல்லது கெட்டது கெதியாச் சொல்லிடலாம். வொரன்ரி இருக்கு, பற்றறி புதுசு, பாரம் குறைவு, கமராவும் பறவாயில்லை. பிரச்சினை விலை. 2022இல டொலர் ஏறின ஏத்தம் பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை, 2024 ஜனவரியில வாட் வரியும் 18 வீதமாப் போட்டுது, இப்ப இன்டெல் ஐ5 சிப் போட்ட ஒரு மரியாதையான புதுசு எடுக்கிறதெண்டால் ரெண்டு லட்சத்துக்கு மேல வைச்சுக்கொண்டுதான் கடைக்குள்ள காலெடுத்து வைக்கோணும். அதுக்குக் கீழ, புதுசு எண்டு சொல்லி மலிவாக் காட்டுறதிலதான் வில்லங்கம். ஐ3 எண்டு ஸ்ரிக்கர் ஒட்டி இருக்கும், கிட்டப் போய் முழுப் பேரையும் பாத்தால் ஐ3-என்305 எண்டு கிடக்கும், அது முழுக்க இன்டெலின்ர சின்னக் கோர் (சக்தி குறைஞ்ச கணக்குப் பகுதி) மட்டும் வைச்ச சிப். ஏஎம்டியின்ர சிப்பில ரைசன் 5 7520யூ எண்டு 7000 வரிசை இலக்கம் போட்டிருக்கும், உள்ளுக்க இருக்கிறது 2019இல வந்த சென் 2 கட்டுமானம். ஓடாது எண்டு நான் சொல்லேல்லை, படம் பாக்க, வேர்ட் அடிக்க வடிவா ஓடும். ஆனா இலக்கம் பெருசெண்டு நினைச்சுக் காசைக் குடுக்கிறது வேற கதை.

இதெல்லாம் சேத்தும் என்ர மனசை ஒரு பக்கமாத் தள்ளினது ஒரே கேள்விதான், ராமைக் கழட்டிப் பூட்டலாமோ இல்லையோ?

ஸ்பெக் தாளில ராமுக்கு நேர டிடிஆர்4 எண்டோ டிடிஆர்5 எண்டோ இருந்தால் ஸ்லொட் (ராமைக் குத்துற இடம்) இருக்கச் சாத்தியமிருக்கு, கேட்டு உறுதிப்படுத்துங்கோ. அதுக்கு முன்னால எல்பி எண்டு ரெண்டு எழுத்து நிண்டு, எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 எண்டு வாசிச்சால், எங்கட கடையளில வீட்டுப் பாவனைக்கு எண்டு விக்கிறதில அது மதர்போட்டோட ஈயம் பிடிச்சு வாறது எண்டே எடுத்துக்கொள்ளலாம். வேண்டேக்க 8 எண்டால் சாகுமட்டும் 8தான். மேல சொன்ன 7520யூவும் எல்பி ராமோட மட்டும் ஓடுற சாதி, அதை எடுத்தால் பேந்து கூட்டுற கதையே இல்லை. விண்டோஸ் 11 தான் எழும்பி நிக்கவே ஒரு மூண்டு ஜிபியைப் பிடிச்சுக்கொள்ளும், தனி கிராஃபிக்ஸ் காட் இல்லாத லப்டொப்பில படம் காட்டுறதுக்கும் அதே ராமுக்குள்ளதான் பங்கு போகும், மிச்சத்தில குரோமும் சூமும் அடிபடோணும். இண்டைக்குப் போதும், சரி, இன்னும் ஒரு நாலு வருசத்தில? ஸ்லொட் இருக்கிறதெண்டால் ஒரு ஸ்ரிக்கை வேண்டிக் குத்திவிடலாம், இல்லாட்டி முழு லப்டொப்பையும் பாதி விலைக்குத் தள்ளிப்போட்டு திரும்பவும் கடை ஏறோணும்.

பழுது வந்தாலும் இதே கதைதான். ராம் தனியா இருந்தால் திருத்துற பொடியன் ஒவ்வொரு ஸ்ரிக்காக் கழட்டிப் போட்டுப் பாத்து எது பிழை எண்டு அங்கயே சொல்லிடுவான். போட்டோட ஒட்டினதில ஒரு சிப் போனால் போட்டே போன மாதிரி, அதைச் சூடு காட்டி எடுத்து மாத்துற மெசினும் கையும் எல்லாக் கடையிலயும் இல்லை, அப்ப சாமான் கொழும்புக்குப் போகும், அது பஸ்ஸில பாசலா ஏறி, பாத்து, விலை சொல்லி, நாங்கள் ஓம் சொல்லி, பேந்து திரும்பி வாறதுக்குள்ள பிள்ளையின்ர தவணைப் பரீட்சை முடிஞ்சிடும். புதுசுக்கு வொரன்ரி இருக்கே எண்டு கேப்பியள், ஓம் இருக்கு, ஆனா கன நேரத்தில அந்த வொரன்ரியும் இதே பஸ்ஸிலதான் போய் வருது.

கீபோட்டும் அப்பிடித்தான். மலிவுப் புதுசுகள் கனக்கவற்றில கீபோட்டை மேல்மூடியோட பிளாஸ்ரிக் உருக்கி ஒட்டி விட்டிருப்பினம், ஒரு தேத்தண்ணி கொட்டுப்பட்டால் மேல்மூடி முழுக்க மாத்தோணும். ரி480இல கீபோட் தனியாக் கழரும். 14 இஞ்சி, 30 பின் ஸ்க்ரீன் பனல் கன மொடலுக்குப் பொருந்துற சாமான். டெல் லட்டிடியூட் 5490, எச்.பி எலீட்புக் 840 ஜி5, இந்த ரி480 மூண்டிலயும் ரெண்டு ராம் ஸ்லொட் இருக்கு, மூண்டும் ஊரில எக்கச்சக்கம், அதால ஸ்ரான்லி றோட் பக்கம் திருத்துற பொடியளுக்கு கண்ணை மூடிக்கொண்டு கழட்டத் தெரியும், பழைய றலி சைக்கிள் மாதிரித்தான், எந்தச் சந்தியிலயும் ஆளும் இருக்கு சாமானும் இருக்கு. உங்கட வீடு சுன்னாகம், உரும்பிராய் பக்கம் எண்டால் செம்மண் புழுதி ஃபானுக்குள்ள என்ன செய்யும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, பருத்தித்துறைப் பக்கம் எண்டால் உப்புக்காத்து. வருசத்துக்கு ஒருக்கா எண்டாலும் கழட்டி ஊதி, சூடு கடத்துற பேஸ்ட் போட்டுப் பூட்டவேண்டி வரும், அப்ப கழட்ட லேசான ஒண்டு எவ்வளவு ஆறுதல்.

இனிப் பாவிச்சது எடுக்கிறதெண்டால் என்ன பாக்கோணும் எண்டதுக்கு வாறன், ஏன் எண்டால் கடையில இருக்கிறது எல்லாம் எடுக்கத்தக்கது இல்லை. முதல் விசயம் ஜெனரேஷன், அதாவது சிப் எத்தினையாவது தலைமுறை எண்டது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட சப்போட்டை நிப்பாட்டிப்போட்டுது, விண்டோஸ் 11க்கு இன்டெல் பக்கத்தில பொதுவா எட்டாவது ஜெனரேஷனில இருந்துதான் அனுமதி. ஏழாவது ஜெனரேஷனில குறுக்கு வழியால 11ஐ ஏத்திவிட்டு "அண்ணை விண்டோஸ் 11ம் ஓடுது" எண்டு விப்பினம், சிப்பின்ர இலக்கத்தைப் பாருங்கோ, ஐ5-7200யூ, 7300யூ எண்டால் ஏழு, ஐ5-8250யூ, 8350யூ எண்டால் எட்டு. இதில சப்போட் மட்டும் இல்லை, ஏழில ரெண்டு கோர், எட்டில நாலு கோர், ஒரே ஐ5 பேர்தான், ஆனா வித்தியாசம் கையில தெரியும்.

ரி480 எண்டு கேக்க ரி480எஸ் எடுத்து நீட்டுவினம், மெல்லிசா வடிவா இருக்கும், அதில ஒரு ராம் போட்டோட ஒட்டினது, ஒண்டுதான் ஸ்லொட். அடுத்து வந்த ரி490உம் அப்பிடித்தான். அது ஒரேயடியாக் கூடாது எண்டில்லை, ஆனா தெரிஞ்சு எடுங்கோ. ஸ்க்ரீன் 1366க்கு 768 புள்ளி மட்டும் போட்டதும் இந்த மொடலில வந்தது, அதைத் தொடாதேங்கோ, ஃபுல் எச்டி ஐபிஎஸ் எண்டு கேட்டு எடுங்கோ. ஓன் பண்ணேக்க எஃப்1 அடிச்சு பயோசுக்குள்ள (விண்டோஸ் எழும்ப முதல் வாற செட்டிங்) போய்ப் பாருங்கோ, டெல் எண்டால் எஃப்2, எச்.பி எண்டால் எஃப்10. கொம்பனி போட்ட பாஸ்வேட் அங்க பூட்டிக்கொண்டு நிண்டால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கோ. இன்னொண்டு, இந்த மெசின் சிலது பழைய கொம்பனியின்ர பேரில பதிஞ்சபடி இருக்கும், இப்ப ஒண்டும் தெரியாது, நாளைக்கு விண்டோசை புதுசா அடிக்கேக்கதான் அந்தக் கொம்பனியின்ர லொகின் வந்து நிக்கும், அதால கடையிலயே இன்டர்நெற் குடுத்து ஒருக்கா ரீசெட் அடிச்சுக் காட்டச் சொல்லுறது நல்லம், முகத்தைச் சுழிப்பினம், பறவாயில்லை. பற்றறி றிப்போட்டும் எடுத்துப் பாருங்கோ, விண்டோசுக்குள்ளயே இருக்கு, டிசைன் கப்பாசிற்றியும் இப்ப நிறையிற கப்பாசிற்றியும் பக்கத்தில பக்கத்தில காட்டும். ரி480இல தண்டர்போல்ட் ஃபர்ம்வெயார் (ரைப்-சி போட்டை ஓட்டுற உள் மென்பொருள்) பழசா இருந்தால் ரைப்-சி போட் காலப்போக்கில மக்கர் பண்ணும், லெனோவோ அதுக்கு அப்டேட் விட்டிருக்கு, வீட்டை கொண்டு வந்த உடன முதல் வேலையா அதைப் போடுங்கோ.

பற்றறியைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. ரி480இல உள்ளுக்க ஒண்டு, பின்னால கழட்டுற மாதிரி ஒண்டு, ரெண்டு பற்றறி. வெளியில இருக்கிறதை லப்டொப் ஓடிக்கொண்டிருக்கேக்கயே கழட்டி வேற போடலாம், உள்ளுக்க இருக்கிறது தாங்கிக்கொள்ளும். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கோ, அந்த நேரம் சிநேகிதன் ஒருத்தன் இதே மொடலுக்கு வெளிப் பற்றறி மாத்தி மாத்திப் போட்டு வேலை செய்தவன், எனக்கு இந்த மொடலில ஆசை வந்ததே அங்கதான். இப்ப அவ்வளவு வெட்டு இல்லை, ஆனா ஐப்பசி இடிமின்னலுக்கு பிளக்கைக் கழட்டிப்போட்டு இருக்கிற வீடுகளுக்கு இது இப்பவும் உதவும்.

குறையும் சொல்லோணும். பெரிய பற்றறி போட்டால் ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வரும், கம்பஸுக்கு முதுகில தூக்கிற பிள்ளைக்கு இது சரிவராது. ஸ்க்ரீன் மங்கல், திண்ணையில வைச்சுப் பகலில பாக்க ஏலாது. கமரா 720பி, பின்னேரம் லைட் குறைஞ்சால் கனடாவில இருக்கிற ஆக்களுக்கு அம்மாவின்ர மூக்குத்தி கூட வடிவாத் தெரியாது. ஸ்பீக்கர் கீழ பாத்துக் கத்தும். இதெல்லாம் எனக்குப் பெருசா இல்லை, உங்களுக்கு இருக்கலாம்.

மக்புக் பற்றி நான் கன கதைக்க ஏலாது, சொந்தமா வைச்சுப் பாவிச்சதில்லை, மச்சாளின்ர எம்1 சிப் போட்ட மக்புக் எயாரை அவ நிண்ட நாளில தட்டிப் பாத்ததுதான். 2020 கடைசியில வந்த சாமான் இப்பவும் பறக்குது, ஃபானே இல்லை எண்டதால புழுதி இழுக்கிற வேலையும் இல்லை, பற்றறி நாள் முழுக்க நிக்குது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமைதான். ஆனா ராம், எஸ்எஸ்டி ரெண்டும் போட்டோட ஒட்டினது, எஸ்எஸ்டி போனால் என்ன செய்யிறது எண்டு ஊரில கேட்டால் ஆளையாள் பாப்பினம். ஓ.எல் ஐ.சி.ரி.யில வாற மைக்ரோசொஃப்டின்ர டேற்றாபேஸ் புரோகிராம் அக்சஸ் மக்குக்கு இல்லை. ஆர் கொண்டு வருகினம் எண்டதையும் பாருங்கோ. லண்டனில இருந்து வந்தால் பிளக் எங்கட சதுர 13 அம்பியர் பிளக்தான், கனடாவில இருந்து வந்தால் தட்டைப் பின், அடப்ரர் வேணும், சார்ஜர் 230 வோல்டில ஓடும், பயமில்லை. சுவிசில, ஜேர்மனியில இருந்து வந்தால் கீபோட்டில Y எழுத்தும் Z எழுத்தும் இடம் மாறி இருக்கும், பிரான்ஸ் எண்டால் A இருக்கிற இடத்தில Q. மக் எண்டில்லை, அங்கயிருந்து வாற எந்த லப்டொப்பிலயும் இதுதான் நிலை. சும்மா தருகினம் எண்டால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டுங்கோ, காசு குடுத்து எடுக்கிறதெண்டால் யோசியுங்கோ.

விக்கிற விலையையும் சொல்லி விடுறன். பாவிச்ச ஒபிஸ் லப்டொப் ஒரு லட்சத்துக்குள்ள எடுத்தது, அது இறங்கவேண்டிய அளவு ஏற்கனவே இறங்கித்தான் என்னட்டை வந்தது, ரெண்டு வருசம் கழிச்சு வித்தாலும் பெரிய அடி விழாது. புதுசில பெட்டி உடைச்ச அண்டே ஒரு துண்டு போயிடும்.

அப்ப புதுசு ஒருத்தருக்கும் வேண்டாமோ எண்டால், அப்பிடியும் இல்லை. நெல்லியடியில இருக்கிற தங்கச்சி பாவிச்ச சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாது எண்டு ஒரே பிடியில நிண்டவள், மனுசனும் அப்பிடித்தான். சரி எண்டு கடைக்கு நானும் கூடப் போய், விலையைக் கேக்க முதல் ராமைக் கேட்டன். 8 ஒட்டினது, ஒரு ஸ்லொட் காலி, கீழ்மூடி சாதாரண ஸ்குரூ, அப்பிடி ஒண்டு இருந்தது, அதைத்தான் எடுத்தவள். அந்த ஸ்லொட்டுக்கு இன்னும் ஒண்டும் போடேல்லை, ராம் விலை இப்ப ஏறிப்போய் நிக்குது, இறங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாள்.