விழுங்கினால் மட்டும் சிவக்கும் பொடி

கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்களோடு மாரடிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். துகளைச் செல் விழுங்கிவிட்டதா, சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? மூன்று வருடமாகப் பச்சையாக ஒளிரும் துகள்களைப் போட்டு, வெளியே ஒட்டியவற்றின் ஒளியை ட்ரைபான் புளூ ஊற்றி அணைத்து, மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் பிஎச்ரோடோ ரெட் சாயம் ஏற்றிய சைமோசான் வாங்கினோம்.

சைமோசான் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஈஸ்ட்டின் செல்சுவர்தான். சாயத்தில்தான் சூட்சுமம். வெளியே நடுநிலைக் கரைசலில் மங்கிக் கிடக்கும். செல் விழுங்கிய பைக்குள் புரோட்டான் பம்புகள் அமிலம் ஏற்ற ஏற்றச் சிவக்கும். நீல லிட்மஸ் துணுக்குகளை விழுங்கவைத்து அவை சிவப்பதைச் செல் விழுங்கலை ஆராய்ந்த விஞ்ஞானி மெச்னிகோஃப் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார். அதே வித்தைக்குத்தான் இப்போது இவ்வளவு விலை!

சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையில் இருந்து ஒரு வாரம் வளர்த்த செல்கள், 37 டிகிரி. முதல் நாள் பொடியைச் சொனிகேட் செய்ய (மீயொலியால் உதிர்க்க) மறந்தேன். கட்டிகட்டியாக விழுந்தது, தப்பு என்னுடையது. மறுநாள் ஒரு செல் விளிம்பை நீட்டித் துகளின் மேல் சட்டை மாட்டுவது போல ஏறியது. மூடியும் விட்டது. நிறம் மாறவில்லை. நான் டீ குடிக்கப் போய்த் திரும்பினால் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பு. ஐஸில் வைத்த செல்களிலும், விழுங்கலைத் தடுக்கும் சைட்டோகலாசின் டி கொடுத்தவற்றிலும் துகள் ஒட்டியிருந்தது, சிவக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்கே காசு தகும்.

ஆனால் எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கதை. செல்லின் மேலுள்ள டெக்டின்-1 ஏற்பி துகளைப் பிடித்ததும் சிக் கைனேஸ் என்ற நொதி விழிக்கிறது, அது பாஸ்போலைப்பேஸ் சி காமா என்ற இன்னொரு நொதியைத் தட்டிவிடுகிறது, ஐபி3 என்ற தூது மூலக்கூறு உருவாகி உள்ளே சேமித்த கால்சியம் கொட்டுகிறது. இதெல்லாம் நடக்கும்போது பொடி வாயே திறக்காது. அதனால் கால்சியம் கூடினால் பச்சையாக ஒளிரும் ஃப்ளூவோ-4 ஏஎம் சாயத்தையும் செல்லில் ஏற்றினேன். மேக்ரோபேஜ் அதை வெளியே துப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் துப்பலைத் தடுக்கும் புரோபெனிசிட் மருந்தைச் சேர்த்த பிறகுதான் அடங்கியது. அப்புறம் ஒரே செல்லில் முதலில் பச்சை மின்னல், வெகுநேரம் கழித்துச் சிவப்பு. அந்தக் காட்சிக்காக இரண்டு தடவை இரவுச் சாப்பாட்டை விட்டேன்.

ஒரு எச்சரிக்கை. சிவக்கவில்லை என்றால் விழுங்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பாஃபிலோமைசின் கொடுத்துப் பம்பை நிறுத்தினாலும் துகள் உள்ளே போகும், நிறம் வராது. நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளை அணுவில் இன்னும் மோசம்: கிருமியைக் கொல்ல வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களைப் பொழியும் ‘ஆக்சிஜன் வெடிப்பு’ நடக்கும் ஆரம்ப நேரத்தில் பை அமிலமாவதே இல்லை.

மேக்ரோபேஜுக்கு இந்தப் பொடியில் அடுத்த குப்பி கேட்டு இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்டாயிற்று. நியூட்ரோபில் வேலைக்குப் பழைய பச்சைத் துகளும் ட்ரைபான் புளூவும் அலமாரியிலேயே இருக்கட்டும்.