சேலத்தில் ஒரு கதைக் கூடல்: 'உம்' இருக்கட்டும், எக்கோ வேண்டாம்

ஹஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மனமகிழ் மன்றத்தில் மாதம் ஒருமுறை இந்தக் கதை சொல்லும் கூடல் நடக்கிறது. உறுப்பினர் அல்லாதவர்களும் போகலாம், சொல்லலாம். காகிதத்தையோ போனையோ பார்த்துப் படிக்கக் கூடாது. ஆளுக்கு ஏழு நிமிடம், ஆறாவது நிமிடத்தில் மணி. யார் எவர் என்று பார்க்காமல் அந்த மணியை அடிக்கிறார்கள். அதற்கே பாதி மதிப்பெண் தரலாம்.

மீதிப் பாதி, 'உம்' கொட்டத் தனியாக ஓர் ஆளை எதிரே உட்கார வைத்ததற்கு. திண்ணையில் இருந்த வழக்கம், மேடைக்கு வந்ததும் பலர் விட்டுவிடுவது. வாக்கியம் முடிந்த இடத்தில் 'உம்' விழ வேண்டும். நடுவில் விழுந்தால் சொல்பவர் பதறி அடுத்த சம்பவத்துக்குத் தாவுவார். தாமதமானால் சொன்னதையே திரும்பச் சொல்வார். இங்கே கொட்டியவர் கைதேர்ந்தவர். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்ல) அண்ணன்-தம்பி கதை அவரால்தான் தடுமாறாமல் போனது. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும் நடுவண்ணன் பச்சைமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிய கதை. மூன்று பேர், மூன்று மலை. எங்கே மறந்தாலும் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். முதன்முறை சொல்ல வருபவர்கள் இந்த மாதிரிக் கதையை எடுப்பது நல்லது.

சொதப்பியது மைக். பாட்டுக் கச்சேரிக்கு வைத்த எக்கோவை, அதாவது எதிரொலியை, யாரும் அணைக்கவில்லை. பேய்க்கதையில் பயம் காட்டுவதே நிறுத்தம்தான்; அந்த நிறுத்தத்தை எக்கோ தின்றுவிட்டது. நாற்பது பேருக்கு மைக்கே தேவையில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் லாட வடிவில் இரண்டு சுற்றாகப் போட்டு, ஃபேன் வேகத்தைக் குறைத்தால் போதும்.

கடைசியில் தொடர்கதைச் சுற்று: ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் சொல்ல வேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம். மூன்றாவது ஆள் ராஜாவைக் கொன்றார், நான்காமவர் "எல்லாம் கனவு" என்றார், கதை அங்கேயே படுத்துவிட்டது. சாவும் கனவும் கூடாது, ஒவ்வொருவரும் ஒரு கேள்வியில் நிறுத்த வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தால் எட்டுப் பேர் வரை இழுக்கலாம்.

தட்டுவடை செட் (மொறுமொறு தட்டைகளுக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்த சேலத்துத் தீனி) அருமை, காரச் சட்னி அளவாக இருந்தது. ஆனால் அதைக் கதை நடக்கும்போதா கொடுப்பது? அறை முழுக்க நொறுக் நொறுக். இடைவேளை விட்டுக் கொடுங்கள்.

எட்டரைக்கு முடியும் என்றார்கள், ஒன்பதே கால் ஆனது. ஏற்காட்டுக்குத் திரும்புபவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு பாக்கி இருக்கிறது. யார் முதலில் என்று சீட்டுக் குலுக்குவதை விட்டு, மலைக்காரர்களை முதலில் சொல்ல விடலாம்.