வீட்டு பிரெட்டா, தெருமுனை பேக்கரியா?
மூணு மாசமா ஓடிஜில (வீட்டுல வைக்கிற சின்ன கரண்ட் அவன்) நானே பிரெட் போட்டு பாத்தாச்சு. அரை கிலோ மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 300 மில்லி தண்ணி, உப்பு, கை வலிக்க பத்து நிமிஷம் பிசையணும், நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு மணி நேரத்துல மாவு பொங்கிடுது, அப்புறம் 200 டிகிரில அரை மணி நேரம். வாசனைக்கு பக்கத்து வீட்டு அக்காவே எட்டிப் பாத்தாங்க! சூட்டோட வெண்ணெய் தடவி தின்னா செம. ஆனா மறுநாளே வறட்டி மாதிரி காஞ்சுடுது, ப்ரிசர்வேட்டிவ் போடலல்ல, சீக்கிரமே பூஞ்சை வேற.

பிரெட் ஆம்லெட்டுக்கு தெருமுனை பேக்கரிதான், சாயங்காலம் சூடா வரும், அண்ணன் மெல்லிசா ஸ்லைஸ் போட்டு தருவாரு, இனிப்புதான் கொஞ்சம் தூக்கல். கடைல கோதுமை பிரெட் வாங்கறவங்க பாக்கெட்டு பின்னாடி படிங்க, சிலதுல மொத பேரே மைதாதான்.